மேலே போனால் வெளியே வரலாம் என்ற நம்பிக்கை: ஷாஃப்ட் குழி விபத்து, 1973

தென் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கேம்பியர் நகருக்குத் தெற்கே, அலண்டேல் ஈஸ்ட் பகுதியில், தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் ஒன்றின் நடுவே ஓர் ஆள் நுழையும் அகலத்தில் ஒரு துவாரம் இருக்கிறது. 1938ஆம் ஆண்டு ஒரு குதிரையின் கால் இடறியபோதுதான் அப்படி ஒன்று இருப்பதே வெளியே தெரிந்தது. மேலிருந்து பார்ப்பவருக்குப் பழைய கிணற்றின் வாய் போலத் தோன்றும் அந்தத் துவாரத்தின் அடியில், சுண்ணாம்புப் பாறையை நிலத்தடி நீர் நெடுங்காலமாகக் கரைத்து உண்டாக்கிய பெரும் அறை ஒன்று, கண்ணாடி போன்ற தெளிந்த நீரால் நிறைந்து கிடக்கிறது. இதைத்தான் முக்குளிப்பவர்கள் ‘தி ஷாஃப்ட்’ என்று அழைக்கிறார்கள்.

1973ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி ஒன்பது பேர் முதுகில் காற்று உருளை சுமக்கும் ஸ்கூபா கருவிகளுடன் இந்தக் குழிக்குள் இறங்கினார்கள். ஐவர் மீண்டு வந்தார்கள். ஒரு சகோதரனும் சகோதரியும் உட்பட நால்வர் வரவில்லை. தாங்களே வகுத்துக்கொண்ட ஆழ எல்லையை அந்த நால்வரும் கடந்து சென்றதும், வெளியே திரும்ப வழிகாட்டும் கயிறு எதையும் அவர்கள் கொண்டு செல்லாததும், வழி தவறிச் சுற்றிய நிலையில் உருளைகளில் இருந்த காற்று தீர்ந்து அவர்கள் மூழ்கியதும் பின்னர் தெளிவாயின. உடல்களை மீட்கும் பணி அடுத்த ஆண்டு வரை நீண்டது.

இந்த நிகழ்வை ஆராய எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. குகை முக்குளிப்பு விபத்துகளைப் பற்றிப் பேசும்போது கருவி பழுது, திடீர் மாரடைப்பு, பாறை சரிவு என்று வெளியிலிருந்து வந்த கேடு ஒன்றைத் தேடுவது நம் இயல்பு. ஷாஃப்ட்டில் அப்படி எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை. கடலிலும் ஏரியிலும் முக்குளித்துப் பழகியவர்கள், அங்கே தங்களைக் காப்பாற்றிய பழக்கங்களையே இங்கும் நம்பி இறங்கினார்கள் என்பதே இந்த நிகழ்வின் சாரம். குகைக்கென்று தனிப் பயிற்சி முறை எதுவும் அந்த வட்டாரத்தில் அன்று உருவாகியிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் விதிகளை மீறினார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மீறுவதற்கு ஏற்ற விதிகளையே அவர்களுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

குழியின் வடிவம்

கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த ஒரு குடத்தை மனத்தில் கொண்டால் ஷாஃப்ட்டின் அமைப்பு விளங்கும். துவாரம் குடத்தின் கழுத்து. அறை அதன் வயிறு. துவாரத்திற்கு நேர் கீழே, சுமார் 36 மீட்டர் ஆழத்தில், கூரையிலிருந்து என்றோ இடிந்து விழுந்த பாறைகள் ஒரு சிறு குன்றாகக் குவிந்திருக்கின்றன. குன்றின் சரிவுகளில் இறங்கினால் ஆழம் கூடிக்கொண்டே போகிறது. சரிவுகளுக்கு அப்பால் செல்லும் வழிகள் 120 மீட்டரையும் தாண்டிய ஆழம் வரை அறியப்பட்டுள்ளன.

கடலில் முக்குளிப்பவருக்குப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே ஊட்டப்படும் உறுதி ஒன்று உண்டு: எது தவறினாலும் மேலே காற்று இருக்கிறது. கருவி நின்றுபோனால், துணையாளைத் தவறவிட்டால், அச்சம் பிடித்துக்கொண்டால், மூச்சை அடக்காமல் மெல்ல வெளியே விட்டுக்கொண்டே மேலே வந்துவிடலாம். நீர்மட்டம் எங்கும் பரந்து கிடப்பதால் எந்தப் புள்ளியிலிருந்து மேலேறினாலும் அது கைக்கு எட்டும். குடத்தின் வயிற்றுக்குள் இந்த உறுதி பொய்த்துவிடுகிறது. துவாரத்திற்கு நேர் கீழே இல்லாத ஒருவர் செங்குத்தாக மேலேறினால் அவர் தலையில் இடிப்பது பாறைக்கூரை. அந்தக் கூரையின் எந்தப் பக்கத்தில் துவாரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுவதும் தன்னைக் காத்த ஒரே அனிச்சைச் செயலை அவர் செய்து முடித்துவிட்டார். அதற்கு அடுத்து என்ன செய்வதென்று அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

துவாரத்தின் வெளிச்சம் வழிகாட்டுமே என்று கேட்கலாம். கோடையின் உச்சிவேளையில் ஷாஃப்ட்டுக்குள் சூரியக் கதிர் ஒரு தூணைப் போல இறங்குவது புகழ்பெற்ற காட்சிதான். ஆனால் மே மாத இறுதி தென் கோளத்தில் குளிர்காலத்தின் வாசல். நண்பகலிலும் சூரியன் தாழ்ந்தே நிற்கும். எந்தப் பருவமானாலும், குன்றின் சரிவில் இறங்கிப் பாறையின் மறைவுக்குப் போனவருக்கு அந்த வெளிச்சம் தெரிய வழியில்லை. தெளிந்த நீர் இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. முகமூடியின் கண்ணாடி வழியே பார்க்கும்போது ஒளிவிலகலால் பொருள்கள் இருப்பதைவிடக் கால் பங்கு அருகில் இருப்பதாகத் தோன்றும். எட்டிவிடும் தொலைவில் தெரியும் அடித்தளம் எட்டிச் செல்லச் செல்லத் தள்ளிப்போகும். கலங்கிய நீரைக் கண்டு தயங்குபவர்கூடத் தெளிந்த நீரில் தயங்குவதில்லை என்பதால், குகைகளைப் பொறுத்தவரை தெளிவே பெரிய அபாயம் என்று நான் கருதுகிறேன்.

காற்றின் கணக்கு

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 60 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நிலப்பரப்பில் உள்ளதைப் போல ஏழு மடங்கு. அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் உருளையிலிருந்து ஏழு மூச்சுக்கான காற்றை எடுத்துக்கொள்கிறது. விளக்கத்திற்காக 12 லிட்டர் கொள்ளளவுள்ள, 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பிய உருளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கும். அமைதியாக நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு அது நிலப்பரப்பில் இரண்டு மணி நேரம் வரும். 60 மீட்டரில் அதே மனிதருக்கு, அதே அமைதியில், 17 நிமிடம்தான். வழி தவறிவிட்டோம் என்று உணர்ந்த கணத்தில் மூச்சின் வேகம் இரண்டரை மடங்கானால், நிறைந்த உருளைகூட ஏழு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். ஆனால் வழி தவறியதை உணரும்போது எவருடைய உருளையும் நிறைந்திருப்பதில்லை.

கடல் முக்குளிப்பில் அழுத்தமானி குறிப்பிட்ட ஓர் அளவுக்கு இறங்கும் வரை கீழே இருந்துவிட்டு, மிச்சத்தை வைத்து மேலேறுவது வழக்கம். குகையில் வெளியேறும் தொலைவு உள்ளே போன தொலைவுக்குச் சமம் என்பதால் அந்த வழக்கம் கொலைக்கருவியாகிறது. இதனால்தான் குகை முக்குளிப்பில் மூன்றில் ஒரு பங்கு விதி வந்தது: ஒரு பங்கு உள்ளே செல்ல, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு கையிருப்பு. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த விதி உண்மையில் மிகக் கறாரானது. இருவர் குகையின் கடைக்கோடியில் இருக்கும்போது ஒருவருடைய காற்று முழுவதும் போய்விட்டால், மற்றவரிடம் இருக்கும் இரு பங்குகளை இருவரும் பகிர்ந்துகொண்டு வெளியேற வேண்டும். ஆளுக்கு ஒரு பங்கு. போன வேகத்திலேயே, போன அமைதியிலேயே திரும்பினால் கணக்குச் சரியாக வரும். அதற்குமேல் ஒரு மூச்சுகூட மிஞ்சாது. பதற்றமோ கலங்கலோ நேர்ந்தால் அந்தப் பங்கும் போதாது. ஆகவே பயிற்சி பெற்றவர்கள் இதை உச்ச வரம்பாகக் கொண்டு, நிலைமைக்கு ஏற்ப அதற்கும் முன்பாகவே திரும்புகிறார்கள்.

தீர்ப்புச் சொல்லும் மூளை

அந்த நால்வரும் எல்லையைத் தாண்டியதை ஒழுங்கின்மை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. சாதாரணக் காற்றைச் சுவாசித்து 30 மீட்டருக்குக் கீழே செல்பவர்களிடம் நைட்ரஜன் மயக்கம் தலைகாட்டத் தொடங்குகிறது. 60 மீட்டரில் அது பெரும்பாலோரை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது. மது அருந்தியவரைப் போல எண்ணம் மந்தமாகிறது, கவனம் ஒற்றைப் புள்ளியில் குத்திட்டு நிற்கிறது, காரணமில்லாத நிம்மதியோ காரணமில்லாத பீதியோ தோன்றுகிறது. ஆழம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தியும் ஏறுவதால், அதை இழுத்து வெளியேற்றுவதே உழைப்பாகி, உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது. அந்தத் தேக்கம் மயக்கத்தை இன்னும் மோசமாக்குகிறது. கரையில் தெளிந்த மூளை வகுத்த எல்லையை ஆழத்தில் மயங்கிய மூளை காக்க வேண்டியிருக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று முடிவு செய்யும் உறுப்புத்தான் அங்கே முதலில் பழுதாகிறது. பழுதானதை அதனால் அறியவும் முடிவதில்லை.

ஆழமான குகைகளில் இறங்குபவர்கள் இன்று ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிப்பதற்கு இதுவே காரணம். அந்தக் கலவைகளைக் கையாள்வது தனியொரு படிப்பு. அதை இங்கே விரிக்கவில்லை.

கயிறு

ஷாஃப்ட் நிகழ்வின் மையத்தில் இருப்பது, இல்லாமற்போன கயிறு. குகை முக்குளிப்பில் கயிறு என்பது வெளிநீரில் தொடங்கி உள்ளே முன்செல்லும் ஆள் வரை எங்கும் அறுபடாமல் நீளும் மெல்லிய நைலான் இழை. முதல் கட்டு, நேரே மேலேறி நீர்மட்டத்தை அடையக்கூடிய இடத்தில் போடப்படும். ஏதேனும் காரணத்தால் அது அவிழ்ந்தாலும் இழை நழுவாதிருக்க, குகைவாயின் உட்புறம் இரண்டாவது கட்டு. அதற்குப் பின் வழியெங்கும் பாறை முனைகளில் இழை சுற்றப்பட்டு இறுக்கமாக வைக்கப்படுகிறது.

தெளிந்த நீரில் இதற்கு என்ன தேவை என்ற கேள்விக்குப் பதில், நீர் தெளிவாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான். குகைத் தரையில் படிந்திருக்கும் வண்டல், மாவைப் போல் நுண்ணியது. கடலில் பழகிய முறையில் கால்களை மேலும் கீழுமாக அடித்து நீந்துபவரின் பாதத்தில் மாட்டிய துடுப்பு ஒருமுறை தரையைத் தீண்டினால் போதும், சில நொடிகளில் கைவிளக்கின் ஒளி தன் கண்ணுக்கே தெரியாத அளவு நீர் கலங்கிவிடும். தெளிவதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். துடுப்பு படாவிட்டாலும், வெளிவிடும் மூச்சின் குமிழ்கள் கூரையில் ஒட்டியுள்ள படிவுகளை உதிர்த்துவிடும். உள்ளே போகும்போது இந்தக் கலங்கல் முதுகுக்குப் பின்னால் எழுவதால், திரும்பும் வரை பலர் அதைக் காண்பதே இல்லை. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் முழங்காலை மடக்கிப் பாதங்களை உயர்த்தித் தவளையைப் போலக் கால்களை அகற்றிச் சேர்த்து நீந்துகிறார்கள். உடலை மேலேயோ கீழேயோ சாயாமல் ஒரே மட்டத்தில் நிறுத்துகிறார்கள். இந்த மிதவைக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்டு வருவதற்குள்ளாகவே பயிற்சியில் பல நாட்கள் போய்விடும்.

கலங்கிய பிறகு கண்ணுக்கு வேலை இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி அதற்குள் இழையை விட்டுக்கொண்டு, தொட்டுத் தொட்டே வெளியேற வேண்டும். பிரியும் வழிகளில் கட்டிவைத்த அம்புக்குறித் துண்டுகளின் கூர்முனை எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதை விரல் நுனியால் படிக்க வேண்டும். இழை கையை விட்டு நழுவினால், இருந்த இடத்திலேயே ஒரு பாறையில் சிறு கயிற்றுருளையைக் கட்டி, அங்கிருந்து விசிறி போலத் தேட வேண்டும். துணையாளின் காற்றைப் பகிர்ந்துகொண்டே இவற்றைச் செய்யவும் பழக வேண்டும். இருவர் ஒருவர்பின் ஒருவராகக் குறுகிய வழியில் செல்ல ஏதுவாக, உருளையின் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர்களில் ஒன்றின் குழாய் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமாக வைக்கப்படுகிறது. முகமூடியை மறைத்துக்கொண்டு இந்தப் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு, உண்மையில் இருட்டு வரும்போது அது பழகிய இருட்டாக இருக்கும்.

கயிறு மட்டும் இருந்திருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்களா? உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டத் தெரியாதவர் கையில் தளர்ந்த கயிறு, உருளைத் தலைப்பிலும் துடுப்பின் வாரிலும் சுற்றிக்கொள்ளும் வலையாகிவிடும். நெருங்கிய பிளவுக்குள் இறங்கிவிட்ட இழை, ஆள் நுழைய முடியாத இடத்திற்கு வழிகாட்டும். கடையில் கயிற்றுருளையை வாங்கிவிட்டதாலேயே குகைக்குத் தயார் என்று எண்ணுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

நாற்பது ஆண்டுகள் கழித்தும்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள ஈகிள்ஸ் நெஸ்ட் குழியில் 2013ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஒரு தந்தையும் அவருடைய 15 வயது மகனும் இறந்தார்கள். பண்டிகைப் பரிசாக வந்த புதிய கருவிகளைச் சோதித்துப் பார்க்கவே அவர்கள் அங்கே சென்றிருந்தார்கள். தந்தையிடம் கடல், ஏரி போன்ற திறந்த நீருக்கான சான்றிதழ் இருந்தது, குகைக்கானது இல்லை. மகனிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. ஷாஃப்ட்டில் இறங்கியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத நிலை இருந்தது. இங்கே பயிற்சி அமைப்புகள் பல பத்தாண்டுகளாக இயங்கிவந்தன. குகைக்குப் பயிற்சி இல்லாதவர் உள்ளே போக வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகைகளும் இருந்தன. அறிவு பக்கத்தில் இருந்தும் அது அவர்களைச் சென்றடையவில்லை.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டபோது நடந்தது வேறு வகையானது. ஆயினும் கடலில் பழகியவருக்கும் குகையில் பழகியவருக்கும் உள்ள வேறுபாட்டை அது இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. முதலில் இறங்கிய தாய்லாந்துக் கடற்படையினர் உடல் வலிமையிலும் துணிவிலும் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர், கடலில் தேர்ந்தவர்கள். சிறுவர்களை ஜூலை 2 அன்று கண்டுபிடித்தவர்களோ ரிக் ஸ்டாண்டன், ஜான் வொலாந்தன் என்ற இரு பிரிட்டன் குடிமக்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கணினித் துறை ஆலோசகர். கலங்கிய குறுகிய நீர்வழிகளில் கயிற்றைத் தொட்டு நகர்வதைப் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள் என்பதே அவர்களுக்கு இருந்த தகுதி. ஜூலை 6 அன்று, குகைக்குள் காற்று உருளைகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், முன்னாள் கடற்படை வீரர் சமன் குனன் உயிரிழந்தார். பிறரைக் காக்கத் தன்னார்வமாக வந்தவரின் சாவை வேடிக்கைக்காக இறங்கியவர்களின் விபத்தோடு ஒப்பிடுவது தகாது. குகை மட்டும் நோக்கத்தைப் பார்த்து வேறுபாடு காட்டுவதில்லை.

பயிற்சி இருந்தால் ஆபத்தே இல்லை என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி, 1970களில் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அறுபடாத கயிறு, காற்றுக் கையிருப்பு, ஆழ வரம்பு ஆகிய விதிகளை வகுத்துத் தந்தவர். அவரே 1994இல் மெக்ஸிகோவின் ஸக்கட்டோன் குழியில் மிகப் பெரும் ஆழத்திற்கு முயன்றபோது இறந்தார். மவுண்ட் கேம்பியர் வட்டாரத்திலேயே டேங்க் குகையில் 2011இல் தேர்ந்த முக்குளிப்பாளர் ஆக்னஸ் மிலோவ்கா உயிரிழந்தார். ஆனால் இத்தகையோர் இறந்தது அறிந்த எல்லையின் விளிம்பில். பயிற்சியற்றவர்களோ வாசலைத் தாண்டிய சற்று நேரத்திலேயே, எந்தச் சாதனைக்கும் தொடர்பில்லாத சாதாரண இடங்களில் இறந்துபோகிறார்கள்.

விபத்துக்குப் பின்

மவுண்ட் கேம்பியர் வட்டாரத்தின் குகைகளிலும் குழிகளிலும் 1969 முதல் 1974 வரை 11 பேர் உயிரிழந்தார்கள். ஷாஃப்ட் நிகழ்வுக்குப் பிறகு இக்குழிகளை அடியோடு மூடிவிடுவதா என்ற பேச்சு எழுந்தது. அதே 1973இல் முக்குளிப்பாளர்கள் ஒன்றுகூடி ஆஸ்திரேலியக் குகை முக்குளிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். குழிகளைக் கடினத்தின் அடிப்படையில் வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் தேர்வு வைத்து, தேறியவர்களை மட்டும் அனுமதிக்க நில உரிமையாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதன்பின் விபத்துகள் அறவே இல்லாமற்போகவில்லை. ஆனால் அடுத்தடுத்துச் சாவுச் செய்தி வந்த நிலை நின்றது.

ஃப்ளோரிடாவில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டார்கள். அங்குள்ள பல குகைவாய்களில் நீருக்கடியிலேயே சாவின் உருவம் வரைந்த பலகைகள் நிற்கின்றன. உள்ளே சாகும் அளவுக்கு மதிப்புள்ள எதுவும் இல்லை என்றும், திறந்த நீர்ப் பயிற்றுநர்களும் இத்தகைய குகைகளில் இறந்திருக்கிறார்கள் என்றும் அவை சொல்கின்றன. ஜின்னி ஊற்றுப் பகுதியில் இதனினும் எளிய ஏற்பாடு உண்டு: குகைத் தகுதி இல்லாதவர் அங்குள்ள டெவில்ஸ் ஊற்றுகளில் முக்குளிக்கலாம், கையில் விளக்கு மட்டும் வைத்திருக்கக் கூடாது. விளக்கில்லாதவர், பகலொளி மங்கும் இடத்தில் யாரும் சொல்லாமலே திரும்பிவிடுகிறார். பலகையைப் படித்துவிட்டும் உள்ளே போகிறவரை இந்த ஏற்பாடு தடுத்துவிடுகிறது என்பதால், எச்சரிக்கைப் பலகையைவிட இதையே நான் மதிக்கிறேன்.

ஷாஃப்ட்டுக்கு இது பொருந்தியிருக்காது. அங்கே அபாயம் ஒளி முடிந்த இடத்தில் தொடங்குவதில்லை; துவாரத்தின் வெளிச்சம் தெரியும்போதே காலடியில் 36 மீட்டர் ஆழமும், அதற்கு அப்பால் சரிவும் இருக்கின்றன. அந்தக் குழியில் இறங்க விரும்புபவர் இன்று சங்கத்தின் வழியாக, அதற்குரிய தகுதிச் சான்றுடன்தான் இறங்க முடியும். தேர்வில் தேறாதவர் மேய்ச்சல் நிலத்திலிருந்தே திரும்ப வேண்டும்.